திரைக்கு எந்தப் பக்கம்

ஓய்வு பெற்று கெலோனாவுக்குப் போகுமுன்
ஒலேனா அதை என் மேசையில் வைத்தாள்.
தேநீர்க் கோப்பை அளவுத் தொட்டி.
சாம்பல்நீல இலைகள், கொழுத்து, அடுக்கடுக்காக,
விரல் பட்டால் ரேகை பதியும் மாவுப் பூச்சு.
"பத்துக்குக் கீழே போகவிடாதே.
குளிரில் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதே.
மற்றபடி மறந்துவிடு" என்றாள்.

எண்ணைக் காப்பதுதான் என் உத்தியோகம்.
மருத்துவமனை மருந்துக் கிடங்கில்
தடுப்பூசிக் குளிர்பெட்டிகள் பதினான்கு.
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
காலை ஏழு, மாலை மூன்று:
பார், எழுது, கையெழுத்துப் போடு.
பன்னிரண்டு ஆண்டில்
ஒரு குப்பிகூட என் கையில் கெட்டதில்லை.
இதைச் சொல்லிக்கொள்ள வேறு இடமில்லை,
இங்கே சொல்கிறேன்.

வீடு சாஸ்கட்டூனில், பதினோராம் மாடி,
ஆற்றைப் பார்த்த ஒற்றைச் சன்னல்.
சன்னலுக்கு அடியில் தரையோடு ஓடும் சூடேற்றி.
கண்ணாடி மூச்சுவிட்டால் உறைபனி,
கம்பி மூச்சுவிட்டால் வறட்டுச் சூடு.
நடுவே நான்கு விரற்கடைப் பலகை.
அங்கேதான் வெயில் விழும்.
அங்கேதான் அது இருந்தாக வேண்டும்.

நவம்பர் முழுக்க நகர்த்தினேன்.
ஒரு விரல் இந்தப் பக்கம், அரை விரல் அந்தப் பக்கம்.
கிடங்கில் கழித்துப்போட்ட வெப்பமானி ஒன்றைத்
தொட்டியோரம் நட்டேன்.
பகலில் இருபத்தொன்று, இரவில் பதின்மூன்று.
இரவின் லேசான குளிருக்கு
இலை விளிம்பில்
வெற்றிலை போட்ட உதடுபோல் ஒரு சிவப்பு ஏறியது.
அதற்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.
எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி, ஒரு செவ்வாய்.
இரட்டைப் பணி முடித்து
பூட்ஸ் கழற்றவும் தெம்பில்லாமல்
திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
பலகை விளிம்பைத் தொட்டு நிற்கும் தடித்த திரை,
தள்ளுபடியில் வாங்கியது.
அறையின் சூடு மொத்தத்தையும்
எனக்கென்று பிடித்துக் கொடுத்தது.
செடி அந்தப் பக்கம்.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.

காலையில் அது வேகவைத்த கத்தரிக்காய்.
இலையின் ஊடே மறுபக்கம் தெரிந்தது.
தொட்டதும் தோல் கையோடு வந்தது, உள்ளே நீர்.
எந்தப் பாலைக்கோ சேர்த்துவைத்த தண்ணீர்
தானே உறைந்து, தானே விரிந்து,
இருந்த வீட்டை இடித்திருந்தது.
வெப்பமானியில் குறை சொல்ல முடியாது.
இரவின் மிகத் தாழ்ந்த எண்ணை
ஞாபகமாக வைத்திருந்தது: மைனஸ் மூன்று.
எழுப்புகிற வகை இல்லை அது.

கண் குளிர, மனம் குளிர, வயிறு குளிர
வாழ்த்திப் பழகிய வாய் எனது.
அந்தச் சொற்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியபோது
எத்தனை டிகிரிக்கு என்று
யாரையும் கேட்கவில்லை.

ஓர் இலை, அடியில், அறைப்பக்கம் பார்த்தது,
இன்னும் கெட்டியாக இருந்தது.
தயிர் டப்பா மூடியில் உலர்ந்த மண் பரப்பி
அதன்மேல் கிடத்தி
ஃபிரிட்ஜின் தலையில் வைத்தேன்.
வயிற்றைக் குளிரவைக்க முதுகில் சுடுகிற பிராணி அது.
மேலே இருபத்திரண்டு.
தண்ணீர் கிடையாது. போய்ப் பார்ப்பதும் கிடையாது
என்று தீர்மானித்துவிட்டு
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு ஒலேனா கூப்பிட்டாள்.
கெலோனாவில் மழையாம், முழங்கால் வலியாம்.
"செடி?" என்றாள்.
"நன்றாக..." என்று தொடங்கி
"கொன்றுவிட்டேன்" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சிரித்தாள்.
"நான் மூன்று கொன்றேன்.
உனக்குத் தந்தது நாலாவது."

பிப்ரவரி 19. காலை 6.40. இருபத்தொன்று.
இலைக்காம்பில் இளஞ்சிவப்பாய் ஒரு நூல்,
எறும்புக் கால் நீளம்.
வேரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.
திரை: மூடவில்லை.
எனக்குத்தான் குளிர்கிறது, இரண்டாவது ஸ்வெட்டர்.
கையெழுத்து: சி. தமயந்தி.