கால்வாசி வெள்ளம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போகிற பஸ்சின் சக்கரம்
எங்கள் ஜன்னல் உயரத்தில் உருளும்.
இரண்டாம் மாடி, பல் ஆஸ்பத்திரி.
கன்னத்தைப் பொத்திக்கொண்டு காத்திருப்பவர்கள்
பார்த்துக்கொண்டிருக்க ஒரு தொட்டி.
ஐந்து தங்கமீன், கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் ஒரு சக்கர்,
வாயைத் திறந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் சிப்பி.
டோக்கன் எழுதுவது என் வேலை.
சம்பளத்தில் எழுதாத வேலை, தொட்டி.

"வெள்ளம் மாத்தணும் டாக்டர்" என்றேன், சேர்ந்த புதிதில்.
சேலத்துக்காரர். எழுந்துபோய்
குழித்துறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.
எங்களுக்கு வெள்ளம் என்றால்
குடிக்கிறது, குளிக்கிறது, சோற்றுக்கு உலை வைக்கிறது.
அவருக்கு அது ஆறு ஏறி வருவது.

அவருடைய கொறடும் கண்ணாடியும்
நூற்றிருபத்தொரு டிகிரியில்
பதினைந்து நிமிடம் வேகும், தினமும்.
அந்தக் கண்ணோடு ஒரு சனிக்கிழமை தொட்டியைப் பார்த்தார்.
"பாசியா இருக்கே ரெஜிலா. மொத்தமா கழுவிடு."

கழுவினேன்.
கல்லைச் சுடுவெள்ளத்தில் அலசி,
ஸ்பாஞ்சைக் குழாயடியில்
பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கி,
விளிம்புவரை குழாய் வெள்ளம்.
நடுவில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.
டாக்டர் போட்டோ எடுத்தார்.

திங்கள்கிழமை ஒன்று மேலே வந்து வாய் பிளந்தது.
செவ்வாய் மதியத்துக்குள் மூன்று.
சாந்து அள்ளும் கரண்டியால் எடுத்து
பழைய பேப்பரில் பொதிந்தேன்.
வாயில் பஞ்சோடு இருந்த ஒரு பாட்டா
"எறாலு வாங்கினியா மோளே" என்று கேட்டார்.

கருங்கல் ரோட்டில் மீன்தொட்டிக் கடை, ஸ்டெபின்.
"மீன் ரெண்டு குடும்" என்றேன்.
தரமாட்டேன் என்றான்.
கடைக்காரன் தரமாட்டேன் என்று சொல்லி
அன்றைக்குத்தான் கேட்கிறேன்.
"ஒரு மாசம் கழிஞ்சு வாங்கக்கா.
அந்த ஸ்பாஞ்சு அழுக்கில்ல, அதுல குடியிருக்கு.
மீனுக்க பீயில உள்ள விஷத்தத் தின்னுத் தீக்கிய கூட்டம்.
கண்ணுல தெரியாது.
பிளீச்சிங் வெள்ளத்த ஊத்தி
குடியோட எறக்கிவிட்டுட்டியளே."

அவனுடைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சு,
தவிட்டு நிறம், சேற்று வாடை,
வெள்ளத்தோடு கவரில் கட்டித் தந்தான்.
காசு வாங்கவில்லை.
மினி பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் குனிந்து தேடினார், "மீன் எங்க?"

மிச்சம் இரண்டுக்கும் வெள்ளைப் புள்ளி.
ரவை தெறித்ததுபோல, முதலில் வாலில், பிறகு செவுளில்.
கல்லில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தன.
புத்தளம் அளத்துக் கல்லுப்பு,
கரைத்துத்தான், கொஞ்சம் கொஞ்சமாக.
சக்கருக்கு உப்பு ஆகாது என்று ஸ்டெபின் சொன்னதால்
அது பன்னிரண்டு நாள் வாளியில் விருந்தாளி.
தீனி ஒரு நேரம், அதுவும் பேருக்கு.
கரண்டு போகும்போது குமிழி நின்றுவிடும்.
டம்ளரால் கோரி, உயரத்திலிருந்து ஊற்றுவேன்.
டோக்கன் இருபத்திமூன்று கத்திக்கொண்டிருப்பார்.

இப்போது வெள்ளிக்கிழமை இரண்டு வாளி பிடித்து
மூடாமல் வைக்கிறேன், மருந்து வாசம் பறக்கட்டும்.
சனிக்கிழமை, தொட்டியில் கால்வாசி மட்டும் இறக்குவேன்.
இறக்கிய பழைய வெள்ளத்திலேயே ஸ்பாஞ்சுக்கு ஒரு முக்கு.
ஒரே ஒரு முக்கு.

டாக்டர் மூக்கைச் சுளித்தார்.
"இன்னும் மஞ்சளாத்தான இருக்கு?"
"டாக்டர், வாயில உள்ள கிருமி மொத்தத்தையும்
கொன்னா நல்லதா?"
மூன்று வருடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி.
கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.
"அடுத்த டோக்கன்" என்றார்.

போன வாரம் எனக்கு லீவு, அம்மைக்குக் கண் ஆப்பரேஷன்.
துடைக்கிற வேலைக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு பையன்.
திரும்பி வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன்.
இரண்டும் இருந்தன. சக்கரும்.
தொட்டிமேல் மருந்துச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது,
யாருக்கும் எளிதில் பிடிபடாத கையெழுத்தில்,
பெரிது பெரிதாக:

ஸ்பாஞ்சைத் தொடாதே.
வெள்ளம் கால்வாசி மட்டும்.