மரக்கால்

கிட்வேயில் இரவு முழுக்க வானம் எரியும்.
உருக்காலைக் கசடு வண்டி
குன்றின் விளிம்பில் கவிழும்போதெல்லாம்
செந்தணல் வழிந்து
மாமரங்களின் அடிவயிறு வரை சிவக்கும்.
அந்த வெளிச்சத்தில்
ஒருவரும் ஒரு வரி படித்ததில்லை.

நான் லாரிக்காரன். கபம்ப்வே.
பதினோரு வருடமாகச் செம்புத் தாது ஏற்றுகிறேன்.
எடைமேடையில் நாற்பத்துமூன்று டன் நிற்கும்,
தாளில் முப்பத்தெட்டு விழும்.
நடுவில் காணாமல் போகும் ஐந்தும்
ந்டோலா சாலையில் ஒரு கொட்டகையில் இறங்கும்.
மேற்பார்வையாளர் சிலுங்வேக்குப் பாதி,
காவலாளிக்கு சிகரெட்,
எனக்கு இரண்டு டயர்.
மலை குறைவதை மலையா வந்து சொல்லப்போகிறது?

ஜூன் குளிரில் கசூபா வந்து சேர்ந்தாள்.
பொத்தான் போன பச்சைக் கம்பளிச் சட்டை,
செய்தித்தாளில் பொதிந்த அவித்த கடலை.
பதிவேட்டின் அடியில் உறையைச் செருகினேன்,
எல்லோருக்கும் செருகுவதுபோல.
அவள் முகம் சுளிக்கவில்லை.
இறங்கி வந்து
என் கண்ணாடித் துடைப்பானில் அதை மாட்டிவிட்டு,
"உங்களுடையது, விழுந்துவிட்டது" என்றாள்.

பிரசங்கம் செய்திருக்கலாம்.
சண்டை பிடித்திருப்பேன், சுலபம்.

மூன்றாம் நாள் மின்சாரம் போனது.
மேடையின் சிறு திரை மட்டும்
பாட்டரியில் மினுங்கிக்கொண்டிருந்தது.
"இதோ, ஆண்டவனே கொடுத்த இருட்டு,
எண் தெரியவில்லை என்று எழுது" என்றேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் எழுதினாள்:
நாற்பத்துமூவாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ.
வாயில் டார்ச்.
பதில் சொல்லவும் வழியில்லை.

உன் மகனின் பள்ளிக் கட்டணம் பாக்கி,
ஊருக்கே தெரியும் என்றேன்.
எழுதும் கை நடுங்கியது.
வட்டமான வெளிச்சமும் தாளின் மேல் நடுங்கியது.
ஆனாலும் எண் நேராக இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
சிம்வெம்வே சபையில் பாடகர் குழுவில் நான் அடிக்குரல்.
அந்தக் கூரையின் தகரம் நான் கொடுத்தது.
எந்த ஐந்து டன் என்று யாரும் கேட்கவில்லை.
மழை பெய்தால் நனையாமல் துதிக்கிறோம்.
அவள் கடைசி பெஞ்சில்
சுருதி சேராமல் பாடுவாள்.

ஒரு ஞாயிறு, போதகர்
விளக்கையும் மரக்காலையும் பற்றிப் பேசினார்.
நூறு முறை கேட்டதுதான்.
மரக்கால் என்றால் ஏதோ மூடி என்றே இருந்துவிட்டேன்.
அது அளக்கிற பாத்திரம்.
கூரையைப் பார்க்க முடியாமல்
செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு சுடரை அணைக்கப் புயல் வேண்டியதில்லை போலும்,
அளவைக் கவிழ்த்தால் போதும்.

ஆகஸ்டில் அவளைத் தூக்கிவிட்டார்கள்.
வேலையை விட்டு அல்ல,
சாமர்த்தியசாலிகள்.
தூசி வடிகட்டும் கூடத்தில் துடைப்பம் கொடுத்தார்கள்.
அவள் இருமலை வழியில் கேட்டேன்.
லாரியை நிறுத்தவில்லை.

எடைமேடையில் இப்போது சிலுங்வேயின் மைத்துனன்.
சின்னப் பையன், புது சட்டை.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
"எவ்வளவு போடட்டும், அண்ணே?" என்றான்.

உறை என் சட்டைப்பையில்தான் இருந்தது.
முப்பத்தெட்டு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"திரையில் இருப்பதைப் போடு."
என் குரல்தான்.
பாட்டுக்கு வராத ஒரு குரல்.

பையன் சிரித்தான், குடித்திருப்பேன் என்று.
ந்டோலா வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.
கொட்டகைக்காரன் சாலைக்கு வந்து கைகாட்டினான்,
கடந்துவிட்டேன்.
டயர் தேய்ந்திருக்கிறது,
நாளைக்கு என்ன சொல்வேனோ தெரியாது.

முன்னதாக, வாசலைத் தாண்டியதும் ஒரு முறை நிறுத்தினேன்.
எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் போலிருந்தது.
பின்னால் கசடு கவிழ்ந்து
வானம் பாதி பற்றி எரிந்தது.
சீட்டை அதன் முன் பிடித்தேன்,
தாளும் சிவப்பு, மையும் சிவப்பு,
ஒன்றும் புரியவில்லை.

பிறகு ஒரு தீக்குச்சி கிழித்தேன்.
விரலைச் சுடும் வரைதான்.
அந்த நேரம் போதுமானதாக இருந்தது.