ஆறாவது கட்டம்

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
அரிசி, கள்ளச்சந்தை விலை, காத்திக்கு.
மரவள்ளி.
விறகு.
வேலைநிறுத்தம்: எங்கே, எத்தனை பேர்.
சுவரொட்டி: என்ன மொழி, என்ன நிறம்.
கடைசிக் கட்டம் கட்டைவிரல் அகலம்தான்:
மனநிலை.

தஞ்சோங் பகார் வாயிலில்,
கோப்பிக்கடை முக்காலிகளில்
காது கொடுத்துக் கிடந்தவர்கள்
வியாழன்தோறும் கொண்டுவந்து கொட்டுவார்கள்.
நான் அதை ஆங்கிலமாக்குவேன்.
ராணுவ உளவு, தமிழ்ப் பகுதி, இரண்டாம் மாடி,
மின்விசிறி எட்டாத மூலை.
சம்பளத்தோடு மாதம் ஒரு சோப்பு.

"வயிறு எரியுது" என்றாளாம் தனக்கோடி,
கிடங்கு வாசலில் சிந்திய அரிசியைக் கூட்டிச் சேர்க்கிறவள்,
மண்டோர் அவள் முறத்தைப் பிடுங்கிய அன்று.
அப்படியே எழுதினேன், சொல்லுக்குச் சொல்.
கேப்டன் வில்மட் ஓரத்தில் பென்சிலால் குறித்தார்:
சுகாதாரப் பிரிவுக்கு. குடிதண்ணீரைச் சோதிக்கவும்.
சோதித்தார்கள்.
தண்ணீரில் ஒன்றுமில்லை.

நான் திருத்தவில்லை.
அந்தப் பிழைக்குள் அவள் பத்திரமாக இருந்தாள்.
இதைத் துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம்.
அன்று நல்ல மழை, மணி ஐந்து,
டிராலி பஸ் போய்விடும்.

அக்டோபரில் தபால் பையில்
வழிதவறி வந்தது ஒரு கட்டு.
கொரியா, தெற்குப் பகுதி. தகவலுக்கு மட்டும்.
பிரித்தால் அதே கட்டங்கள்.
அரிசிக்கு அங்கே வேறு ஏதோ அளவு.
கரி. ரயில்காரர்கள். மாணவர்கள்.
மின்சாரம் வடக்கிலிருந்து வருகிறது,
என்று நிற்கும் என்று தெரியாது.
நாட்டின் இடுப்பில் ஒரு கோடு,
பாகப்பிரிவினைக்கு நூல் பிடித்ததுபோல.
கோட்டுக்கு அந்தப் பக்கம் பற்றி எல்லா வாக்கியமும்
"கேள்விப்பட்ட வரையில்" என்றே தொடங்கியது.

கொரியர்களை எனக்குத் தெரியும்.
ஜப்பான்காரன் சட்டைக்குள் காவல் நின்றவர்கள்.
ஒருவன் என்னை அறைந்திருக்கிறான்,
இடது காதில் இன்னும் தழும்பு.
சண்டை ஓய்ந்து, ஊர்போகும் கப்பலுக்காக
அவர்கள் வரிசையாய்க் குந்தியிருந்தபோது
அவன் முகத்தைத் தேடிக்கொண்டு நடந்தேன்.
எல்லோருமே ஒல்லியாக இருந்தார்கள்.

நாலாம் பக்கம்.
அரிசி கேட்டு ஒரு கூட்டம்; சுட்டது; எண்ணிக்கை.
கீழே, கட்டைவிரல் அகலத்தில்:
"உள்ளே எரிகிறது என்கிறார்கள்."
பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறியை
எவ்வளவு நேரம் பார்த்திருந்தேனோ.
அங்கேயும் ஒருவன், அல்லது ஒருத்தி,
மின்விசிறி வேண்டாத குளிரில் உட்கார்ந்து
சொல்லுக்குச் சொல் எழுதியிருக்கிறாள்.
வேண்டுமென்றா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா?

அடுத்த வியாழன், எண் பதினேழின் தாள்:
"தேக்கா சந்தைப் பின்புறம்.
கால்சட்டை போட்ட அரசாங்கக் குமாஸ்தா.
இரண்டு காத்தி கள்ள அரிசி வாங்கினான்.
'வாரா வாரம் எண்ணி எழுதுறானுங்க,
ஒரு மணி கூடலையே' என்று ஏசினான்.
இடது காதில் தழும்பு."

கை தானாகக் காதுக்குப் போனது.

ஏசியது நான்தான்.
விலைதான் தப்பு, பத்து காசு குறைத்திருந்தான்.
அதைத் திருத்தினேன்.
தழும்பு மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோயிற்று.
மங்கிய நாடா, மூன்று பிரதி.
ஆறாவது கட்டத்துக்கு வந்தேன்.
வெளியே மழை இல்லை.
மணி நாலுகூட ஆகவில்லை.
அடித்தேன்: வயிறு எரிகிறது.

வில்மட் படித்தார். பென்சிலைக் கடித்தார்.
"அரசாங்க குமாஸ்தாக்களுக்குமா?" என்றார்.
"ஆமாம் சார்."

மறுநாள் காலை சுகாதாரப் பிரிவிலிருந்து
ஒரு பையன் வந்தான், கையில் கண்ணாடிக் குப்பி,
எங்கள் மாடிக் குழாயில்
தண்ணீர் பிடித்துப் போக.