நிறம் மட்டும் வந்தது

தறி ஓடும்போது எங்கள் சேவல் ஊமை.
கழுத்து நீளும், அலகு திறக்கும்,
சத்தம் நாலு தறிக்கு அடியில் எங்கோ நசுங்கிப்போகும்.
கரண்ட் போனால்தான்
பொதட்டூர்பேட்டையில் எத்தனை வீட்டில் கோழி உண்டென்று
தெரியவரும்.

கொல்லையில் பதினோரு உருப்படி.
நாடா என்று ஒருத்தி,
இந்த வேலிக்கும் அந்த வேலிக்கும் ஓடியே இளைத்தவள்.
ஜக்கார்டு, உடம்பெல்லாம் புள்ளி,
யார் வீட்டு வைக்கோலிலோ முட்டையிட்டுவிட்டு
என் வீட்டில் வந்து கொக்கரிப்பாள்.
கழுத்தில் மயிரில்லாத பாவு
மழையில் நனைந்தால் மட்டும் என்னைத் தெரிந்தவள்.
ஊடைக்கு அடை வெறி.
முட்டையை எடுத்தால் கல்லின் மேல் உட்காருவாள்,
கல்லை எடுத்தால் தார்க்கட்டையின் மேல்.
தண்ணீரில் முக்கினேன், மூக்கில் இறகு செருகினேன்.
ஈரத்தோடே போய் மறுபடி உட்கார்ந்தாள்.

சங்கராந்திக்கு நாலு மாதம் இருக்கும்போதே
நகரியிலிருந்து தனஞ்ஜெயுலு வந்துவிடுவார்.
நாங்கள் செவலை என்பது அவருக்கு டேகா,
கறுப்பு காகி, மயில் நெமலி.
"பேர்ல என்னம்மா இருக்கு, ரத்தத்துல இருக்கு."
தொடையை அழுத்திப் பார்ப்பார்,
கண்ணுக்கு நேரே விரலை நீட்டுவார்.
கொத்தினால் விலை.
கொத்தாவிட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்.

போன தையில் அவரே ஒரு டேகாவைக் கொண்டுவந்து விட்டார்.
மூன்று பந்தயம் பார்த்தது, ஒற்றைக் கண்.
சிட்டிபாபுவின் கணுக்காலில் இருக்கும் தழும்பு
அது போட்ட கையெழுத்து.
ஜோடிக்கு ஜக்கார்டு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.
கூலிச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
அப்பன் முரடு, அம்மா முரடு, ஒன்பது முட்டை.
செல்போன் டார்ச்சில் ஆறில் நரம்பு ஓடியது, மூன்று கூமுட்டை.
ஆறையும் ஊடையின் வயிற்றுக்கடியில் தள்ளினேன்,
இடிக்குக் காவலாக ஓர் ஆணியும் ஒரு வரமிளகாயும்.
அப்பனைச் சித்திரையில் திரும்பக் கொண்டுபோனார்.
அது வரவில்லை.

பொரிந்தது நாலு.
காக்கைக்கு ஒன்று, வெள்ளைக்கழிச்சலுக்கு ஒன்று,
ஒன்று பெட்டை.
மிச்சம் நின்ற சேவல் அப்பனை உரித்து வைத்திருந்தது.
அதே நெருப்புக் கழுத்து, அதே மஞ்சள் கால்,
வாலில் ஓர் இறகு மட்டும் கோணிக்கொண்டு நின்றதுகூட.

தனஞ்ஜெயுலு தெருவில் நின்றே எட்டாயிரம் என்றார்.
கிட்டே வந்தார். விரலை நீட்டினார்.
அது விரலைப் பார்த்தது.
அவர் முகத்தைப் பார்த்தது.
பிறகு நடந்துபோய்
ஊடையின் இறக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது,
மூன்று கிலோ உடம்பு வெளியே நிற்க.

சிட்டிபாபு சிரித்தான்,
தறிக்காரன் சிரிப்பு, சத்தமில்லாமல் வாய் மட்டும்.
"அடைகாத்தவ கெடுத்துட்டா" என்றார் தனஞ்ஜெயுலு.
"ரத்தம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.
டீ ஆறிக்கொண்டிருக்க, வண்டியை எடுத்தார்.

சீட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.
அப்பன் முரடு, அம்மா முரடு, பிள்ளை
பயந்தாங்கொள்ளி என்று எழுதி அடித்தேன்.
சாது என்று எழுதி அதையும் அடித்தேன்.
சாயங்காலம் நொய் இறைத்தபோது
அது ஒரு மணியைக் கொத்தி, விழுங்காமல் கீழே போட்டு,
கொக்கொக்கென்று எல்லாரையும் கூப்பிட்டதைப் பார்த்திருந்தேன்.
ஜக்கார்டு வந்து
அதன் தலையில் ஒரு கொத்து வைத்துவிட்டு மணியைத் தின்றாள்.

எட்டாயிரம் இருந்தால் நூல்கடைக்காரர் வாயை மூடியிருக்கலாம்.
அந்தக் கணக்கும் அதே சீட்டில்தான் இருக்கிறது, முன்பக்கம்.

நேற்று மத்தியானம் கரண்ட் போனது.
மேலத்தெருவில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பக்கம் ரெண்டு,
ஊரே கூவி ஓய்ந்தது.
எல்லாம் அடங்கியபின் எங்கள் கொல்லையிலிருந்து
தொண்டை கட்டினாற்போல் ஒரு குரல்.
அப்பன் குரல் இல்லை.
காதைக் கொடுத்து நின்றேன்.
பாதியில்
கரண்ட் வந்துவிட்டது.