ஈரப்பதம்

இதற்கு முன்னால் இருந்ததை
இரண்டு தட்டு தட்டினால்தான் விழிக்கும்.
இது அப்படியில்லை.
உறையைத் திறக்கும்போதே
விட்ட இடத்தில் நிற்கிறது,
நேற்றைய கடைசி மூட்டையோடு.

வலங்கைமான் பக்கம், கொள்முதல் களத்தில்,
தார்ப்பாய் நிழலில் எனக்கு வேலை.
வெயில் ஏறினால் திரை
தானே வெளிச்சம் கூட்டிக்கொள்ளும்.
சுணை படிந்த கண்ணாடிக்குத்
தலைப்பால் ஒரு துடைப்பு, போதும்.
சாய்த்தால் பட்டியலும் சாய்ந்து படுக்கும்.
கரண்ட் போன மதியங்களில்
இது கையில் இருப்பதே மறந்துபோகும்,
மடை திறந்து நெடுநேரமானபின்
தண்ணீர்ச் சத்தம் காதில் விழாத மாதிரி.

இன்று தையல்நாயகி, நாற்பத்தொரு மூட்டை.
ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு.
பதினேழைத் தாண்டவில்லை என்று
அவளும் சிரித்தாள், நானும்.
'சம்மதம்' என்ற கட்டத்தைத் தொடச் சொன்னேன்.
தொட்டாள். திரை அசையவில்லை.
அழுத்தினாள்.
பூட்டிய வீட்டைத் தட்டுவதுபோலத் தட்டினாள்.
அறுப்புக் காலத்துக் காய்ந்த விரல்,
அதைப் பொறுத்தவரை,
அங்கே இல்லவே இல்லை.

நானே தொட்டுவிடலாம்.
கூடாதென்று உத்தரவு. அது கிடக்கட்டும்,
அவள் முகம் விடவில்லை.

குடத்துத் தண்ணீரில் விரல் நனைத்து
ஒற்றியும் ஒற்றாமலும் வந்தாள்.
சட்டெனப் பச்சை.

"நெல்லு நனைஞ்சா நீங்க எடுக்க மாட்டேங்குறீங்க,
வெரலு காஞ்சா இது எடுக்க மாட்டேங்குது."

போய்விட்டாள்.
கண்ணாடியில் ஒரு துளி நின்றது.
அதற்குள் குனிந்து பார்த்தேன்,
சிவப்பு, பச்சை, நீலமாய்
பொடிப்பொடிப் புள்ளிகள்,
இத்தனை நாள் எனக்குக் காட்டாதவை.

லாரி ஹாரன் அடித்தது.
துடைத்தேன்.