பழசு முன்னுக்கு

டொக்யார்ட் வீதியில் கடை திறந்த
மூன்றாம் கிழமை
பிஸ்கட் கொம்பனி ரெஜினோல்ட் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே றாக்கையைப் பார்த்து,
"அக்கா, புதுசை முன்னுக்கு அடுக்கினா
பழசு பின்னுக்கிருந்து உங்களைத் தின்னும்."

விற்க வந்தவன்
அன்று ஒன்றும் விற்கவில்லை.
இருட்டும்வரை இறக்கினோம், ஏற்றினோம்.
மலிவென்று நான் வாங்கியிருந்த மாரி பிஸ்கட்
இரண்டு பெட்டி, திகதி முடிந்தது.
வாசலில் கொட்டினான்.
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்து
மட்டையோடு தின்றன.
"அதுகளுக்குத் திகதி விளங்காது" என்றான்.

பெரிய கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம்.
மூதூர் ரூட்டில் கடன் கொடுத்துக் கொடுத்தே
வேலை போனது அவனுக்கு.
டோஹாவில் என்கிறார்கள்.
இல்லை, வத்தளையில் கண்டதாம் ஒருத்தர்.

பதினொரு வருசம்.
பால்மா வந்திறங்கும் நாளில் இப்பவும்
முழங்கால் நோகக் குந்தியிருந்து
பழசை இழுத்து முன்னுக்கு வைக்கிறேன்.
வீட்டிலும் அதுதான்: முட்டை, மருந்து,
மகனின் மடித்த சேர்ட்டுகள்.
அவன் சிரிப்பான்.

இரவு ஷட்டரை இழுக்கும் நேரம்
மான் ஒன்று மட்டைக்கு நிற்கும்.
வெறும் பெட்டிதான்.
என்றாலும் கவிழ்த்து
அடியில் திகதியைப் பார்த்துவிட்டுத்தான்
போடுகிறேன்.