பதினான்கு கிரெயின்

டயர்க் கடை ஆர்வில் தூக்கிப்போடும்
சக்கர ஈயத்தைத்தான் உருக்குகிறேன்.
கசடு மேலே வரும், கரண்டியால் வழிப்பேன்.
என் வார்ப்பச்சின் உள்விளிம்பில் ஒரு கீறல்.
அதில் பிறக்கும் ஒவ்வொரு குண்டுக்கும்
இடுப்பில் மயிரிழையாய் ஒரு தழும்பு.

கைத்துப்பாக்கிக்கு நாற்பது தப்படிதான் எல்லை.
அதைத் தாண்டினால் ஆசை, வேட்டையில்லை
என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இந்த அக்டோபரில், லெம்ஹை மலைச்சரிவில்
முப்பது தப்படியில் வந்து நின்றது எல்க்.
அதன் மூச்சு புகைந்தது. காற்று என் முகத்தில்.
ஒரே வெடி.
பைன் மரங்கள்வரை நடந்துபோய்
உட்காருவதுபோல் விழுந்தது.

வெர்னா தோலை உரித்தாள், நான் காலைப் பிடித்தேன்.
"இது உன்னுடையதா?" என்றாள்.
இடத்தோளில், வெள்ளை நார்க்கட்டிக்குள்
நசுங்கிய ஈயம்.
இன்றைய குண்டோ விலாவைத் துளைத்து
மறுபக்கம் மண்ணுக்குள் போய்விட்டது.

ஓடையில் கழுவினேன். கட்டைவிரலால் தேய்த்தேன்.
இடுப்பில் மயிரிழைத் தழும்பு.

மூன்று வருடம் முன்னால், அந்தியில், எண்பது தப்படி.
"தவறிவிட்டது" என்றேன் வெர்னாவிடம்.
ரத்தம் தேடி நூறடிகூடப் போகவில்லை.
பனி கொட்டத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் தராசில் வைத்துப் பார்த்தேன்:
வார்த்தபோது இருந்ததற்குப் பதினான்கு கிரெயின் குறைவு.
பானையில் ஈயம் உருகிக் காத்திருக்கிறது.
வெர்னா பொட்டலங்களில் தேதி எழுதுகிறாள்.
தோள்கறியை மட்டும் ஒதுக்கிவைத்து
"இதை என்ன செய்ய?" என்கிறாள்.

குண்டு இன்னும் என் உள்ளங்கையில்.
சூடேறிவிட்டது.